அயலக நகரங்களில் தமிழரின் வாழ்க்கைச் செலவு: நார்த்தாமலை வணிகர் முதல் ரங்கூன் குறியீட்டெண் வரை

பிழைப்புக்காக வேற்று நாட்டு நகரம் ஒன்றிற்குச் சென்றவர், அங்கே உண்ணவும் உறங்கவும் உடுக்கவும் போய்வரவும் செய்யும் செலவு அயலகத்தாரின் வாழ்க்கைச் செலவு எனப்படும். உள்ளூர்க்காரரின் வாழ்க்கைச் செலவுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. உள்ளூர்க்காரருக்கு ஒரு குடும்பம், ஓர் அடுப்பு. அயலகம் சென்றவருக்குப் பெரும்பாலும் இரண்டு அடுப்புகள். ஒன்று அவர் இருக்கும் நகரத்தில் எரிகிறது. மற்றொன்று அவர் விட்டு வந்த ஊரில் எரிகிறது. இரண்டுக்கும் விறகு ஒருவரே வாங்க வேண்டும்.

தமிழர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கடல் கடந்து சென்று வாழ்ந்தவர்கள். அவர்கள் எதை ஈட்டினார்கள் என்பது பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. சென்ற இடத்தில் எதைச் செலவிட்டார்கள், எதைச் செலவிடாமல் அடக்கிக்கொண்டார்கள் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையைத் தொடக்கமாகக் கொண்டு, ரங்கூன், மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களின் வழியே அந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

யாருடைய கூடை?

வாழ்க்கைச் செலவை அளக்கும் முறை எளிமையானது. ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் இட்டதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, துணி, வீட்டு வாடகை, வண்டிச் சத்தம் எல்லாம் அதில் அடங்கும். ஓர் ஆண்டில் அந்தக் கூடையின் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், அடுத்து வரும் ஆண்டுகளில் அதே கூடை 110 ஆகிறதா, 90 ஆகிறதா என்று பார்க்கலாம். இதுவே வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண். இக்காலத்தில் இதனை நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்கிறோம்.

ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது. ஒரு குடும்பத்தின் ஏழ்மையை அறிய, அதன் வருவாயில் எத்தனை பங்கு அடுப்படிக்குப் போகிறது என்று பார்த்தால் போதும்.

ஆக, கூடை யாருடையது என்பதே முதற்கேள்வி. இன்று மெர்சர் என்னும் ஆலோசனை நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களை ஒப்பிட்டு அயலகத்தாருக்கான வாழ்க்கைச் செலவுத் தரவரிசையை வெளியிடுகிறது. 2024-இல் அதில் ஹாங்காங் முதலிடத்திலும் சிங்கப்பூர் இரண்டாமிடத்திலும் இருந்தன. இத்தரவரிசையின் கூடை, நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிகளின் கூடை. எவ்வளவு படி கொடுக்க வேண்டும் என்று நிறுவனங்கள் முடிவு செய்வதற்காக அது தயாரிக்கப்படுகிறது. அதே சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டத்து இளைஞரின் கூடை வேறு. ஒரே நகரம், ஒரே தெரு, ஒரே கடை. ஆனால் இரண்டு கூடைகள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு பழைய வரலாற்றுக்குள் செல்லலாம்.

நார்த்தாமலையும் வணிக நகரமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ளது நார்த்தாமலை. இன்று பங்குனியில் நடக்கும் முத்துமாரியம்மன் திருவிழாவாலும், மேலமலை மீதுள்ள விஜயாலய சோழீச்சரத்தாலும் இவ்வூர் அறியப்படுகிறது. சோழர் காலத்தில் இது ஒரு வணிக நகரம். கல்வெட்டுகள் இதனைத் தெலிங்ககுலகாலபுரம் என்று குறிப்பிடுகின்றன. ஊரின் நிருவாகம் ‘நகரம்’ எனப்பட்ட வணிகர் சபையிடம் இருந்தது. நகரத்தார் மலை என்பதே மருவி நார்த்தாமலை ஆயிற்று என்பது பரவலாகச் சொல்லப்படும் பெயர்க்காரணம்.

இங்கு ஒரு தெளிவு தேவை. கல்வெட்டில் வரும் ‘நகரத்தார்’ என்பது வணிக ஊர் ஒன்றின் ஆட்சிச் சபையைக் குறிக்கும் பொதுச்சொல். இன்று நாம் நகரத்தார் என்று அழைக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தையே அது குறிப்பதாகக் கொள்ளக்கூடாது. சொல் ஒன்று என்பதால் வரலாறும் ஒன்றாகிவிடாது.

மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்தின் எதிரே திருமாலுக்குரிய குடைவரை ஒன்று உள்ளது. உள்ளூரில் அது சமணர் குடகு எனப்படும். அதன் மண்டபச் சுவரில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. கல்வெட்டு அக்கோயிலுக்குத் தரும் பெயர் பதினெண்பூமி விண்ணகரம். ‘பதினெண்பூமி’ என்பது பல நாடுகளிலும் சுற்றி வணிகம் செய்த குழுக்களோடு தொடர்புடைய சொல். திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நானாதேசிகள், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுக்கள் தென்னிந்தியா முழுவதும் இயங்கிய காலம் அது. கடற்கரையிலிருந்து உள்ளடங்கி, வறண்ட பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரின் கோயிலுக்கு இப்படிப்பட்ட பெயர் அமைந்திருப்பது, அவ்வூர் வணிகரின் பார்வை எவ்வளவு தொலைவு சென்றது என்பதைக் காட்டுகிறது.

பாரூசுக் கல்வெட்டு: ஒரு கட்டண விதி

அதே ‘பதினெண்பூமி’ என்னும் சொல் கடலுக்கு அப்பாலும் ஒரு கல்லில் இருக்கிறது. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூசு என்னும் துறைமுகப் பகுதி உண்டு. கற்பூரத்துக்குப் பேர்போன இடம். அங்கு லோபு துவா என்னும் ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. முதலாம் குலோத்துங்கன் சோழநாட்டை ஆண்ட காலம். கல்வெட்டை வெட்டியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர்.

அக்கல்வெட்டு எந்த மன்னனின் வெற்றியையும் பாடவில்லை. ஒரு கட்டண விதியைச் சொல்கிறது. துறைமுகத்துக்கு வரும் மரக்கலத்தின் தலைவரும் உடன் வருவோரும், கஸ்தூரியின் விலையை அளவுகோலாகக் கொண்டு, குறிப்பிட்ட அளவு பொன்னைச் செலுத்திய பிறகே உள்ளே வரலாம் என்பது அதன் சாரம்.

வாழ்க்கைச் செலவு வரலாற்றில் இதற்கு இரண்டு வகையில் முக்கியத்துவம் உண்டு. முதலாவது, அயலகத்தில் வாழ்வதற்கான செலவு காலடி வைக்கும்போதே தொடங்குகிறது. இன்றைய விசா கட்டணம், உரிமக் கட்டணம், முகவர் கட்டணம் எல்லாவற்றுக்கும் இதுவே முன்னோடி. இரண்டாவது, அக்கட்டணம் நிலையான ஒரு தொகையாக இல்லாமல் ஒரு பொருளின் விலையோடு இணைக்கப்பட்டிருந்தது. விலை ஏறினால் கட்டணமும் ஏறும். நாணயங்கள் பலவாக இருந்த துறைமுகத்தில், எல்லோரும் மதிப்பறிந்த ஒரு பண்டத்தை அளவுகோலாக வைப்பது நடைமுறை அறிவு. குறியீட்டெண் என்னும் கருத்தின் மிகப் பழைய நிழலை இதில் காணலாம்.

கட்டணத்தை விதித்தவர்களும் தமிழ் வணிகரே என்பதையும் கவனிக்க வேண்டும். வருபவர் கொடுக்கும் பொன், அங்கே நிலைத்திருந்த குழுவுக்குப் போயிற்று. முன்னே சென்றவர், பின்னே வருபவரிடமிருந்து பெறும் பங்கு என்னும் இந்த ஏற்பாடு பிற்காலத்தில் மேஸ்திரி, கங்காணி, முகவர் என்று பல பெயர்களில் தொடர்ந்தது.

ரங்கூன்: ஒரே நாணயம், வேறு நகரம்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை முற்றிலும் மாறியது. 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றினர். 1886 முதல் 1937 மார்ச் வரை பர்மா முழுவதும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. ஆகவே சென்னையில் கப்பல் ஏறி ரங்கூனில் இறங்குபவருக்கு நாணயம் மாற்ற வேண்டியதில்லை. அதே ரூபாய், அதே அணா, அதே தபால், அதே மணியார்டர். செலவு மட்டும் வேறு.

1931 மக்கள்தொகைக் கணக்கின்படி ரங்கூனில் சுமார் 4 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். பர்மா முழுவதிலும் இருந்த இந்தியர் ஏறத்தாழ 10 இலட்சம். அவர்களுள் தமிழர் சுமார் ஒன்றரை இலட்சம். ரங்கூன் இந்தியரில் ஆண்களே மிகுதி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களின் நகரம் அது. தமிழரிலும் இரண்டு வகையினர் இருந்தனர்: லேவாதேவிக்கு வந்த செட்டியார்கள், கூலிக்கு வந்த தொழிலாளர்கள். இருவரின் செலவும் இரண்டு விதம்.

கிட்டங்கி வாழ்க்கை

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த இராயவரம், விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி, ராங்கியம் போன்ற ஊர்களிலிருந்தும், இராமநாதபுரம் பகுதியில் இருந்த செட்டிநாட்டு ஊர்களிலிருந்தும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலாயா, சைகோன் ஆகிய இடங்களுக்குச் சென்றனர். ‘கொண்டுவிற்கப் போதல்’ என்று இதனைச் சொல்வார்கள். பர்மா வங்கித்தொழில் விசாரணைக் குழு 1929–30-இல் எடுத்த கணக்கின்படி அங்கு சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது.

இத்தனை கோடி புழங்கிய கடையை நடத்தியவர் எப்படி வாழ்ந்தார்? ரங்கூனில் முகல் தெருவிலும், சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும், பினாங்கில் பினாங்கு தெருவிலும் இருந்த கிட்டங்கிகளே இதற்கு விடை. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். அதில் பல கடைகள். ஒரு கடை என்பது சில அடி இடம், ஒரு கைப்பெட்டி, ஒரு பெட்டகம், ஒரு பாய். பகலில் அந்தப் பாயில் அமர்ந்து கணக்கு எழுதுவார்கள். இரவில் அங்கேயே உறங்குவார்கள். அலுவலகமும் வீடும் ஒன்றே. சமையல் பொதுவாக நடக்கும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோருக்கும் ஒரே சமையற்காரர் பொங்கிப் போடுவார்.

மேலாளின் தவணை பொதுவாக மூன்று ஆண்டுகள். சம்பளத்தைத் தவணை முழுமைக்கும் பேசுவார்கள். அதில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே முன்பணமாகக் கொடுப்பார்கள். அது ஊரில் குடும்பத்தின் கையில் இருக்கும். அங்கே உணவும் தங்குமிடமும் கடைச் செலவு. ஆகவே தனிச்செலவு என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்வது அந்நாளில் வழக்கமில்லை.

இந்த ஏற்பாட்டைச் சிக்கனம் என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது. நகரத்தின் மையத்தில் வாடகை மிக அதிகம். அதைப் பலர் பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்கு விழும் சுமை சிறிது. ஒரே கூரையின் கீழ் இருப்பதால் எந்த வாடிக்கையாளர் நம்பத் தகுந்தவர், வட்டி இன்று என்ன நடப்பு என்னும் செய்தியும் செலவின்றிக் கிடைத்தது. சிங்கப்பூரில் 1859-இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயிலும் இவ்வாறே. அது வழிபாட்டு இடமாகவும், சமூகம் கூடிப் பேசும் மன்றமாகவும் விளங்கியது. தனி ஒருவர் தாங்க முடியாத செலவைச் சமூகம் பொதுவில் தாங்கியது.

தொழிலாளர் விடுதி

கூலித் தொழிலாளரின் நிலை வேறு. அரிசி ஆலை, மர ஆலை, துறைமுகம், ரயில்வே, நகரத் துப்புரவு எனப் பல வேலைகளுக்குத் தெலுங்கரும் தமிழரும் ஒரியரும் வந்தனர். துறைமுக வேலையில் தெலுங்கர் மிகுதி. இவர்களை அழைத்து வந்தவர் மேஸ்திரி. கப்பல் கட்டணமும் ஊரில் கொடுத்த முன்பணமும் தொழிலாளர் தலையில் கடனாக ஏறும். பின்னர் கூலியும் மேஸ்திரியின் கை வழியாகவே வரும். வரும் வழியில் குறையும்.

தங்குமிடம் பெரும்பாலும் மேஸ்திரி பிடித்த விடுதி. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கலாம் என்று நகராட்சி விதி இருந்தது. ஆனால் விதிக்கு மேல் ஆட்களை அடைப்பதே நடைமுறை. பகல் வேலைக்காரர் எழுந்து போன இடத்தில் இரவு வேலைக்காரர் படுப்பதும் உண்டு. 1931-இல் வெளிவந்த விட்லி தொழிலாளர் ஆணைய அறிக்கை, ரங்கூன் இந்தியத் தொழிலாளரின் இந்த நெருக்கடியையும் மேஸ்திரி முறையின் கேட்டையும் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

கிட்டங்கியிலும் பாய்தான், தொழிலாளர் விடுதியிலும் பாய்தான். ஆனால் முன்னவர் செலவைக் குறைத்ததால் சேர்ந்த மிச்சம் அவர் குடும்பத்துக்கும் கடைக்கும் போனது. பின்னவர் செலவைக் குறைத்ததால் சேர்ந்த மிச்சத்தில் முதற்பங்கு கடனுக்குப் போனது.

1928 ஆய்வும் நான்கு குறியீட்டெண்களும்

ரங்கூனில் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் ஒன்று இயங்கியது. அதன் சார்பில் ஜே. ஜே. பென்னிசன், ரங்கூன் உழைக்கும் மக்களின் வாழ்க்கைத் தரத்தையும் வாழ்க்கைச் செலவையும் வீடு வீடாக விசாரித்துத் தொகுத்த அறிக்கை 1928-இல் வெளியானது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு பம்பாயில் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவு ஆராயப்பட்டிருந்தது. சென்னை நகருக்கு அப்படி ஓர் ஆய்வு 1935–36-இல்தான் நடந்தது. அதாவது, சென்னையில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் கூடை அளக்கப்படுவதற்கு முன்பே ரங்கூனில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் கூடை அளக்கப்பட்டுவிட்டது.

ரங்கூன் ஆய்வின் சிறப்பு, அது நகரத்துக்கு ஒரே கூடை என்று கொள்ளாததில் உள்ளது. பின்னர் 1931-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு (1931 = 100) ரங்கூனுக்கு வெளியிடப்பட்ட வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்கள் நான்கு பிரிவாக இருந்தன:

1. பர்மியர்
2. தமிழர், தெலுங்கர், ஒரியர்
3. இந்துஸ்தானியர்
4. சிட்டகாங் பகுதியினர்

காரணம் வெளிப்படை. கோதுமை உண்பவருக்கு அரிசி விலை இறங்கினால் பெரிய பயன் இல்லை. புளியும் மிளகாயும் பருப்பும் இல்லாமல் சோறு இறங்காதவருக்கு அவற்றின் விலையே முக்கியம். குடும்பத்தோடு வாழ்பவருக்கு வாடகை பெரிய சுமை. பத்துப் பேரோடு படுப்பவருக்கு அது சிறிய சுமை. ஆகவே ஒரே சந்தையில் ஒரே நாளில் விலை மாறினாலும், நான்கு கூடைகளும் நான்கு விதமாக மாறும்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் இந்தக் குறியீட்டெண் ஒரு கசப்பான பாடத்தையும் கற்பித்தது. நெல் விலை சரிந்தது. அரிசி மலிந்ததால் வாழ்க்கைச் செலவு குறைந்தது. தாளில் பார்த்தால் தொழிலாளருக்கு நல்ல காலம். ஆனால் நெல் விலை சரிந்ததால்தான் ஆலைகளில் வேலையும் கூலியும் சுருங்கின. வேலை போனவருக்குக் கூடையின் விலை 90 ஆனால் என்ன, 80 ஆனால் என்ன? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியத் தொழிலாளருக்கும் பர்மியத் தொழிலாளருக்கும் இடையே வேலை குறித்து எழுந்த மோதல் பெரும் கலவரமாகி உயிர்களைப் பறித்தது. மிகக் குறைந்த செலவில் வாழச் சம்மதிப்பவர், அதே வேலையை நம்பியிருக்கும் உள்ளூர்க்காரரின் கூலியையும் கீழே இழுக்கிறார் என்னும் மனக்குறை அதன் பின்னணியில் இருந்தது. சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. அதைச் சிக்கனம் பிடித்தவர் மட்டுமே கொடுப்பதில்லை.

மலாயா: வரவு செலவுப் பட்டியலே கூலியானபோது

மலாயாவில் இன்னொரு சோதனை நடந்தது. அங்கு தோட்டத் தொழிலாளர் கூலியை நிர்ணயிக்க, தமிழ்த் தொழிலாளர் ஒருவருக்கு மாதம் எவ்வளவு அரிசி, கருவாடு, மிளகாய், எண்ணெய், துணி தேவை, திருவிழாச் செலவு எவ்வளவு, ஊருக்கு அனுப்ப எவ்வளவு என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையே ‘திட்டக் கூலி’ ஆயிற்று.

நாட்கூலி மாறிய விதம் இது (மலாயாக் காசில்):

1927-க்குப் பின், முக்கியப் பகுதிகள்: ஆண் 50 காசு, பெண் 40 காசு
1930, மந்தத்தின் தொடக்கம்: ஆண் 40 காசு, பெண் 32 காசு
1932 அளவில், மந்தத்தின் அடியில்: ஆண் 28 காசு, பெண் 24 காசு

இதைப் புதுக்கோட்டைக் கணக்கில் மாற்றிப் பார்க்கலாம். அக்காலத்தில் மலாயா வெள்ளி ஒன்றின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ். ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 6 பென்ஸ். எனவே ஒரு வெள்ளி ஏறக்குறைய 1 ரூபாய் 9 அணா. 50 காசு என்பது சுமார் 12½ அணா. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு புழக்கத்தில் இருந்தது. ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. ஆக, மலாயாவின் ஒரு நாள் கூலி இங்கே சுமார் 250 அம்மன் காசு. சந்தையில் அம்மன் காசை எண்ணிக் கொடுத்துக் காய் வாங்கியவர்களுக்கு அந்த எண் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும்!

ஆனால் மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக் கணக்கிட்டால், 50 காசு வீதம் 13 வெள்ளி, அதாவது 20 ரூபாய்க்குச் சற்று மேல். 28 காசு வீதமானால் 7 வெள்ளி 28 காசு, அதாவது 11 ரூபாய்ச் சொச்சம். உண்பதும் உடுப்பதும் அந்தக் காசில்தான். 250 அம்மன் காசு என்று பெருக்கிப் பார்க்கும் கணக்கு, செலவழித்த பின் மிஞ்சியதற்கு மட்டுமே பொருந்தும். வெளிநாட்டுக் கூலியை ஊர் நாணயத்தில் பெருக்கிப் பார்ப்பதும், வெளிநாட்டுச் செலவைப் பெருக்கிப் பார்க்க மறப்பதும் அன்று முதல் இன்று வரை தொடரும் பிழை.

பெண்ணின் பட்டியல் ஆணின் பட்டியலைவிடச் சிறிதாகவே போடப்பட்டது. பெண் குறைவாக உண்பார் என்னும் அனுமானத்தோடு, அவருக்கு ஒரு ஆணின் துணை இருக்கும் என்னும் அனுமானமும் அதில் மறைந்திருந்தது. தனியாகப் பிள்ளைகளை வளர்த்த பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடையில் கரைந்த கூலியும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1936-இன் இறுதியில் மலாயா சென்று, 1937-இல் அறிக்கை தந்தார். பழைய 50, 40 காசுக் கூலியை மீண்டும் தர வேண்டும் என்பது அவரது பரிந்துரைகளுள் ஒன்று. கூலி உயர்ந்து மீண்டும் 1938-இல் வெட்டப்பட்டபோது, அவ்வாண்டு ஜூன் மாதம் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. சில காசுக் கூலிக்குறைப்பு, ஒரு நீண்ட காலக் குடிபெயர்வு முறையையே நிறுத்திவிட்டது.

ஊரில் எழுதப்படாத கணக்கு

மேற்சொன்ன எல்லா அறிக்கைகளும் ஒரு செலவை விட்டுவிடுகின்றன. ரங்கூனிலும் மலாயாவிலும் அளக்கப்பட்டது உழைக்கும் வயதில், உடல் நலத்தோடு உள்ள ஒருவரின் செலவு. அவர் குழந்தையாக இருந்தபோது வளர்த்தது யார்? நோயுற்றுத் திரும்பியபோது கஞ்சி காய்ச்சியது யார்? முதுமையில் தாங்கியது யார்? இவை அனைத்தும் நார்த்தாமலை போன்ற ஊர்களின் செலவு.

புதுக்கோட்டைச் சீமை மழையை நம்பிய பூமி. கண்மாய் பெருகினால் ஒரு போகம்; பொய்த்தால் அதுவும் இல்லை. அத்தகைய ஊர்களில் வெளிநாட்டு மணியார்டர் பெரும் ஆதரவு. அது வரும் வரை, வரவு வைத்த கடையில் அரிசி வாங்கி, வட்டிக்குக் கடன் வாங்கி, மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டு வீட்டை நடத்தியவர் அந்த வீட்டுப் பெண். அவர் உழைப்பு ரங்கூன் குறியீட்டெண்ணில் சேரவில்லை. நகரத்து முதலாளி ஒரு தனி ஆளுக்குப் போதுமான கூலியைக் கொடுத்து ஒரு குடும்பத்தின் உழைப்பைப் பெற முடிந்தது இதனால்தான். ஆகவே ரங்கூன் வாழ்க்கைச் செலவின் ஒரு பகுதி ரங்கூனில் இல்லை, இங்கே இருந்தது.

திரும்பி வந்தவர்கள்

1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினர். அடுத்த சில மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. மற்றவர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரம்.

போருக்குப் பின் சிலர் திரும்பிச் சென்றனர். விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1964-இல் நே வின் அரசு கடைகளையும் நாட்டுடைமை ஆக்கி, அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என அறிவித்தது. பாயில் படுத்து, பொதுச் சமையலில் உண்டு, பல ஆண்டுகள் செலவிடாமல் சேர்த்த பணம் ஒரே நாளில் தாளாயிற்று. வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டின் பல நகரங்களில் பர்மா காலனிகள் எழுந்தன. சென்னையில் பர்மா பஜார் தோன்றியதும் இப்படித்தான்.

செலவைக் குறைத்துச் சேமிப்பது எதிர்காலத்தின் மீது வைக்கும் நம்பிக்கை. அந்த எதிர்காலம் வேறொரு நாட்டு அரசின் கையில் இருந்தது என்பதைப் பர்மாத் தமிழர் மிகத் தாமதமாக அறிந்தனர்.

இன்றைய நிலை

இன்று இம்மாவட்டத்து இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். சிங்கப்பூரில் பணி அனுமதி பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளருக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது வேலை தருபவரின் சட்டக் கடமை. பெரும்பாலோர் நகர்ப்புறத்துக்கு அப்பாலுள்ள பெரிய விடுதிகளில், ஓர் அறைக்குப் பலர் என்று தங்குகின்றனர். மூன்று வேளை உணவுக்கு மாதக் கணக்கில் ‘கேட்டரிங்’ கட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா, சிராங்கூன் சாலை. 2020-இல் கொரோனாத் தொற்று இந்த விடுதிகளில்தான் மிக வேகமாகப் பரவியது. குறைந்த வாடகையின் மறைந்திருந்த விலையை உலகம் அப்போது கண்டது.

கிட்டங்கியின் பொதுச் சமையலும் விடுதியின் அடுக்குக் கட்டிலும் வடிவில் மாறியிருக்கலாம், கணக்கு மாறவில்லை. வெளிநாடு செல்லும் முன் ஒருவர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கை மேற்கண்ட வரலாறு வரிசைப்படுத்தித் தருகிறது:

1. போய்ச் சேரும் முன் ஆகும் செலவு எவ்வளவு? அதற்கு வாங்கிய கடனின் வட்டி எவ்வளவு?
2. சம்பளத்தில் உணவு, தங்குமிடம் பிடித்தம் போக, கையில் வருவது எவ்வளவு?
3. ஊரில் குடும்பம் நடத்த மாதம் எவ்வளவு தேவை?
4. கடன் தீர எத்தனை மாதம்? பணி அனுமதி எத்தனை மாதம்?
5. நோய், விபத்து, வேலை இழப்பு வந்தால் யார் தாங்குவார்?

நான்காம் கேள்வியில் முதல் எண் இரண்டாம் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் பயணத்தை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் கப்பலேறிய பலரும் விமானம் ஏறிய பலரும் அதைப் போட்டுப் பார்க்காமலே புறப்பட்டனர்; பெரும்பாலும், போட்டுப் பார்க்கத் தேவையான எண்களை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

முடிவுரை

கி.பி. 1088-இல் சுமத்ராக் கரையில் நின்ற தமிழ் வணிகர்கள், துறைமுகத்துக்குள் வருவதற்கான கட்டணத்தைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும்படி நட்டுவைத்தார்கள். வருபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். 1928-இல் ரங்கூனில் ஓர் அலுவலர் தொழிலாளரின் கூடைக்குள் எட்டிப் பார்த்து எழுதி வைத்தார். இரண்டுக்கும் இடையே 840 ஆண்டுகள். செலவை வெளிப்படையாக எழுதி வைப்பது, புறப்படுபவருக்குச் செய்யக்கூடிய பேருதவி என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. பதினெண்பூமி என்று கோயிலுக்குப் பெயர் கண்ட நார்த்தாமலையிலிருந்து இன்றும் பிள்ளைகள் பல பூமிகளுக்குப் புறப்படுகிறார்கள். அங்கே ஆகும் செலவும் இங்கே ஆகும் செலவும் ஒரே தாளில், அருகருகே எழுதப்பட வேண்டும். அப்போதுதான் வரவு எது என்று தெரியும்.